வள்ளத்தை விடாத குட்டி

கயித்தான் எனக்கு மூன்று வழியில் சொந்தம். அவன் அம்மா என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவன் அக்காளை என் சித்தப்பா மகன் கட்டியிருந்தான். இரண்டும் போதாதென்று என் தங்கை லூர்தம்மாளை அவனே கட்டிக்கொண்டான். புன்னைக்காயலில் இப்படித்தான். ஒருவனைத் திட்ட வேண்டுமென்றாலும் எந்த முறை வைத்துத் திட்டுவது என்று முதலில் யோசிக்க வேண்டும்.

முப்பத்திரண்டு வருடம் தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். விடிந்ததும் பஸ் ஏறுவான், பொழுது சாய வந்து இறங்குவான். கடலோரத்தில் பிறந்துவிட்டு கடலுக்குப் போகாதவனை ஊர் சும்மா விடுமா? “கயித்தானுக்குத் தண்ணியக் கண்டா சளி புடிக்கும்லே” என்பார்கள். அவன் வீட்டு வாசல் முன்பு கிழக்கே கடலைப் பார்த்து இருந்தது. அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு மேற்கே வாசல் திறந்தான். கடல் காற்று வேண்டாமா என்று கொத்தனார் கேட்டதற்கு, “சத்தம் வேண்டாம்” என்றானாம்.

சத்தம் அவனை விட்டபாடில்லை. துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி பிரேக் பிடிக்கும்போது காற்று பீறிட்டு ஒரு சத்தம் வரும். தண்ணீரிலிருந்து ஏதோ ஒன்று தலையைத் தூக்கி மூச்சு விடுவது போல இருக்கும். ஒரு நாளைக்கு நூறு லாரி. ஒவ்வொரு தடவையும் கயித்தான் தலைச்சுமையோடு நின்று திரும்பிப் பார்ப்பான். கூட வேலை பார்த்தவர்கள் அவனுக்குத் ‘திரும்பிப்பார்த்தான்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவன் எதைத் தேடித் திரும்புகிறான் என்று எனக்குத் தெரியும். என் தங்கைக்குத் தெரிந்திருந்தது. வேறு யாருக்கும் தெரியாது.

அவன் வீட்டுக்குப் பின்னால், அடைத்த வாசலுக்கு நேரே, ஒரு மண்மேடு உண்டு. இரண்டரை முழ நீளத்துக்கு நாலு பக்கமும் பாறைக்கல் பதித்து, தலைமாட்டில் ஒரு சின்னச் சிலுவை. அது தன் தம்பியின் குழி என்று அவன் மகள் பனிமலர் நம்பியிருந்தாள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளையை அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்தில் வைக்க மாட்டார்கள். அதனால் வீட்டுக் கொல்லையிலேயே வைத்தோம் என்று லூர்தம்மாள் அவளுக்குச் சொல்லியிருந்தாள். வருடா வருடம் நவம்பர் இரண்டாம் தேதி, ஆத்துமாக்கள் திருநாளன்று, ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, பனிமலர் இங்கே ஒன்று தனியாக ஏற்றுவாள். நாலு வயதில் தொடங்கியது. அவளுக்கு இப்போது நாற்பத்து நாலு. அவள் மூத்த பிள்ளைக்குக் காது குத்தினபோது தாய்மாமன் மடி வேண்டுமே என்று பேச்சு வந்தது. “தம்பி இடத்துல நீங்க உக்காருங்க மாமா” என்று என்னை உட்கார வைத்துவிட்டு, குத்தி முடியும் வரைக்கும் அவள் போய் அந்த மேட்டுப் பக்கத்தில் நின்றாள். பிள்ளை வீரிட்டது. நான் மடியில் இறுக்கிப் பிடித்தபடி குனிந்தே இருந்தேன்.

போன ஆவணியில் ஜெனிலா வந்தாள். கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண், கடல் படிப்பு படித்தவள். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுப் படம் காட்டினாள். கடற்பசு என்றாள். எங்களுக்கு அது ஆவுளியா. உரல் மாதிரி உடம்பு, மீசை வைத்த மூஞ்சி. கடலுக்கடியில் பசு மேய்வது போலப் புல் மேயும். குட்டியைக் கைக்கடியில் அணைத்துப் பால் கொடுக்கும். இந்தப் பக்கத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது கிழவர்கள்தான்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். உலகத்தில் சில இடங்களில், அழிந்துபோன மிருகங்களை அவற்றின் பழைய எலும்பிலிருந்து மறுபடி உண்டாக்க முடியுமா என்று முயன்று பார்க்கிறார்களாம். ஆவுளியா முழுக்க அழியவில்லை, வடக்கே சில இடத்திலும் வேறு கடலிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நம் கரையில் இருந்தது எந்த வம்சம் என்று தெரிந்தால்தான், நாளைக்கு இங்கே திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா என்று பார்க்க முடியும். அதற்குப் பழைய எலும்பு வேண்டும். யார் கொன்றது, எப்போது என்று பேர் எழுத மாட்டோம் என்றாள்.

“செத்ததக் கொண்டாருதது எல்லாம் சரிதான் தாயி. எம் மாமியா எலும்பு மேல மட்டும் கைய வச்சிராத” என்றான் பின்னாலிருந்து ஒருவன். மண்டபம் சிரித்தது. ஜெனிலாவும் சிரித்தாள். அது அடங்கினதும், “ஏன் தாத்தா அதைக் கொன்னீங்க? பயப்படுத்துற பிராணிகூட இல்லையே” என்று முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கறி ஆட்டுக்கறி மாதிரி இருக்கும். ஒன்று கிடைத்தால் ஒரு தெரு சாப்பிடலாம். எண்ணெய் வள்ளத்துப் பலகைக்குப் பூச ஆகும், மூட்டு வலிக்கு ஆகும். மூலத்துக்கு நல்லது என்பார்கள், சூட்டுக்கு நல்லது என்பார்கள். எந்த நோவு வந்தாலும் அதில் ஒரு துண்டு மருந்து இருப்பதாக நம்பினோம். அதோடு, பிடிக்க லேசு. மீன் என்றால் முங்கினால் போச்சு. இது மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வந்த இடத்திலேயே மறுபடி வரும். காத்திருக்கத் தெரிந்தால் போதும். அது யாரையும் கடித்ததில்லை, வள்ளத்தை முட்டிக் கவிழ்த்ததில்லை. “எங்கள எதுத்து நின்னிருந்தா நாங்களும் கொஞ்சம் பயந்திருப்போம்” என்றேன்.

அப்போதுதான் மண்டபத்துக் கடைசித் தூண் பக்கம் கயித்தான் நிற்பதைப் பார்த்தேன். கடல் என்ற பேச்சு வந்தாலே எழுந்து போகிறவன்.

“ஏம்மா, கொண்டு வந்தா அதுக்குப் பாலு யாரு குடுப்பா?” என்றான்.

மறுபடி சிரித்தார்கள். ஜெனிலா சிரிக்கவில்லை. “தெரியல தாத்தா. அதுக்குன்னு ஒரு தாய் வேணும். வேற கடல்ல உள்ள தாய்தான் சுமக்கணும், அதுதான் குடுக்கணும். இன்னும் யாரும் செஞ்சு பார்க்காத காரியம். உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்ல.”

“வந்தா, செத்த அதே குட்டியா வருமா?”

“அதே குட்டி வராது.”

கயித்தான் தலையை ஆட்டிவிட்டுப் போனான். நான் பின்னாலேயே போனேன். வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “குடுத்திரணும் மச்சான்” என்றான்.

“பனிமலர்ட்ட என்னன்னு சொல்லுவ?”

“அதான்” என்றான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று ஐப்பசியில் பனிமலர் பிறந்தாள். லூர்தம்மாளுக்குப் பால் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள். ஆட்டுப்பால் கொடுத்தால் கக்கியது. டவுனிலிருந்து டப்பாப் பால் வாங்கி வந்தேன், அதையும் கக்கியது. நாலாம் நாள் பிள்ளை அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. பிள்ளை எடுத்த செல்லத்தாய் உள்ளேயிருந்து வந்து, “ஆவுளியாக் கறி கொண்டாங்கலே. சாறு வச்சுக் குடுத்தா மூணு நாள்ல மார் கட்டும்” என்றாள். அதைக் கொல்லக் கூடாது என்று சட்டம் வந்து பல வருடம் ஆகியிருந்தது. சட்டம் எங்களுக்குத் தெரியும். பிள்ளையின் உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்ததும் தெரியும்.

நானும் அவனும் மட்டும் போனோம். கரையிலிருந்து ரொம்பத் தூரமில்லை, புல் வளர்ந்த கலங்கல் தண்ணீர். காத்திருந்தோம். மூச்சுச் சத்தம் கேட்டது. பெரியது ஒன்று. அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு சின்னது ஒன்று. குட்டி கூட இருந்தால் எங்கள் ஊரில் ஈட்டி எறிய மாட்டார்கள். சட்டத்துக்கு முன்னாலேயே இருந்த கட்டுப்பாடு அது.

“மாப்ள, குட்டி கெடக்கு. விடு. வேற பாப்போம்” என்றேன்.

“வீட்டுல எங் குட்டி கெடக்கு மச்சான்” என்றான். எறிந்தான்.

கயிறு கட்டின ஈட்டி. ஒரு நாழிகை எங்களை இழுத்தது. களைத்ததும் வாலில் கயிறு போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தோம். அதை அப்படித்தான் கொல்வது. வெட்ட வேண்டாம், மூச்சு விட விடாமல் இருந்தால் போதும். கரையில் புரட்டிப் போட்டபோது அதன் கைக்கடியிலிருந்து பால் ஒழுகி மணலில் போனது. நிற்காமல் போய்க்கொண்டேயிருந்தது. பிறகு பங்கு போட்டோம். பங்கு வேண்டாம் என்று சொன்ன வீடு ஒன்றுமில்லை.

லூர்தம்மாள் சாறு குடித்தாள். அதுவரைக்கும் சீனித் தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிள்ளை வாயில் சொட்டினோம். மூன்றாம் நாள் பால் வந்தது. பிள்ளை பிழைத்தது. இத்தோடு முடிந்திருந்தால் ஊரில் நடந்த பத்தோடு பதினொன்று.

வள்ளத்துப் பலகைக்கு வருடம் ஒரு தடவை எண்ணெய் பூச வேண்டும். இல்லாவிட்டால் பலகை உப்பு குடித்து வெடிக்கும். சுறா ஈரல் எண்ணெய்தான் வழக்கம். ஆவுளியா எண்ணெய் கிடைத்தால் அதைவிட மேல், பலகைக்குள் இறங்கி நிற்கும். கொழுப்பை உருக்கியதில் இரண்டு டின் வந்தது. கயித்தான் சந்தோஷத்தில் இருந்தான், பிள்ளை பிழைத்த சந்தோஷம். இரண்டு டின்னையும் வெளிப்பக்கம் முழுக்கப் பூசினான். எங்கள் அப்பன் பாட்டன் எல்லாரும் செய்ததுதான். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

காய்ந்த மறுநாள் கடலில் தள்ளினோம். ஆற்று வாய் தாண்டி அரை மைல் போயிருக்க மாட்டோம். பக்கத்தில் மூச்சுச் சத்தம். அந்தக் குட்டி. வள்ளத்தின் இடப்பக்கம், பின்னணியம் என்கிற பின்முனைக்குக் கிட்டே, இரண்டு பலகை சேருகிற மூட்டில் வாயை வைத்து முட்டியது. பால் குடிக்கிற பிள்ளை பால் இறங்கவில்லை என்றால் முட்டுமே, அப்படி. வள்ளம் முழுக்க அதன் தாயின் வாசனை. நாங்கள் துடுப்பை எடுத்தால் கூடவே வந்தது. நின்றால் முட்டியது.

அடுத்த நாளும் வந்தது. துடுப்பால் தண்ணீரை அடித்து விரட்டினோம். கொஞ்சம் விலகிப் போய் மறுபடி அதே மூட்டுக்கு வந்தது. கயித்தான் வள்ளத்தைக் கரையேற்றி மணலும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்தான். கை தோல் உரிந்தது, எண்ணெய் போகவில்லை. பூசும்போது எதற்காகப் பூசினோமோ அதையே அது செய்தது, உள்ளே இறங்கி நின்றது. மற்ற வள்ளத்துக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். “கயித்தான் வள்ளத்துக்கு மடி வச்சிருக்குலே, கறந்து காப்பி போடலாம்.” ஊருக்கு அது ஒரு வாரத்துக் கேலி.

நாளுக்கு நாள் குட்டி மெலிந்தது. முதுகில் எலும்பு தெரிந்தது. மூச்சு விட மேலே வருவதற்கே நேரமானது. வீட்டில் பனிமலர் பால் குடித்துக் கன்னம் வைத்தாள். கயித்தான் இரண்டையும் பார்த்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

ஏழாம் நாள் போனபோது நங்கூரம் போட்டிருந்த வள்ளத்தோடு ஒட்டிக் கிடந்தது. வாய் பலகையில் இருந்தது. கயித்தான் தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் தூக்கினான். அன்று மத்தியானம் கோடாரி எடுத்து வந்து, அது முட்டின பலகையை மட்டும் பெயர்த்து எடுத்தான். கொல்லையில் குழி தோண்டிக் குட்டியை வைத்து, மூஞ்சிக்கு எதிரே அந்தப் பலகையை நிறுத்தி மூடினான். லூர்தம்மாள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். குட்டியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று ஊரில் சொன்னோம். மீதி வள்ளம் சுண்ணாம்புக் காளவாசலுக்கு விறகாகப் போனது. அதன் பிறகு அவன் கால் உப்புத் தண்ணீரில் படவில்லை.

நாலு வயதில் பனிமலர் அந்த மேட்டைக் காட்டி என்னவென்று கேட்டபோது, “உன் தம்பி” என்று லூர்தம்மாள் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று நான் கேட்டதில்லை. கயித்தானும் அங்கே நின்றான். அவனும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. நாலு வருடத்துக்கு முன் லூர்தம்மாள் சாகும்போது அந்த வார்த்தையை எங்கள் இரண்டு பேர் கையிலும் விட்டுவிட்டுப் போனாள்.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் கயித்தான் மகளிடம் சொன்னான். பனிமலர் அப்பனோடுதான் இருக்கிறாள், வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னான். பாதியில் மெஷின் நின்றது.

“அப்போ எனக்குத் தம்பி கெடையாதா?”

“கெடையாதுளா” என்றேன் நான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்களும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எம் பிள்ளைய மடியில வச்சியளா மாமா?”

கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அதுக்குத் தாய்க்காரி எங்க?” என்று அப்பனைக் கேட்டாள்.

“ஊரு தின்னுட்டு. எண்ணெய் வள்ளத்துல போச்சு.”

“எலும்பு?”

“கடல்ல போட்டோம்.”

“அவளுக்கு ஒரு எடம் கூட இல்ல.”

“இல்ல.”

கொஞ்ச நேரம் அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது யாருடைய கையோ என்பது போல. பிறகு மெஷினை மிதித்தாள். “தோண்டணும்னா தோண்டிக்கிடுங்க” என்றாள். அதற்குப் பிறகு அப்பனோடு பேசவில்லை. நேரத்துக்குச் சோறு வைத்தாள், மாத்திரை எடுத்து வைத்தாள், பேசவில்லை.

ஜெனிலா அனுமதிக் கடிதத்தோடு வந்தாள். நானும் அவளும் தோண்டினோம். கயித்தான் கொல்லைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். இரண்டடியில் தட்டுப்பட்டது. ஒரு விலா எலும்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். கல் போலக் கனத்தது. அடியில் மேய்கிற பிராணி, மிதக்காமல் இருக்க எலும்பு கனமாகத்தான் இருக்கும் என்றாள். அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டா அது ஏழு நாள் எங்கள் பின்னால் மேலே மேலே வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பலகையும் வந்தது. கறுத்துக் கிடந்தது, கரையான் ஒரு இடத்திலும் தொடவில்லை.

இது என்ன என்று ஜெனிலா கேட்டாள். நான் சொன்னேன். பால் வராதது, சாறு குடித்தது எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். “சாறு குடிச்சதாலதான் பால் வந்துதா தாயி? நீ படிச்சவ, சொல்லு” என்றேன்.

அவள் கயித்தானைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, “சில பேருக்குத் தாமதமாத்தான் வரும் தாத்தா. தானாவே வந்திருக்கலாம்” என்றாள்.

என்ன தாழ்த்தி என்ன, கொல்லை சின்னது. கயித்தான் காதில் விழுந்துவிட்டது. மடியில் வைத்திருந்த கை மட்டும் ஒருமுறை விரிந்து மூடியது.

பக்கவாட்டுக் கதவில் நின்ற பனிமலர் இறங்கி வந்தாள். பலகையை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். என்ன வாசனை தெரிந்ததோ, கண்ணை மூடி நின்றாள். நாற்பத்து நாலு வருடத்து மண் வாசனைதான் இருந்திருக்கும்.

எலும்பு முழுவதும் கிடைத்தால் நல்லது என்று ஜெனிலா தயங்கிக்கொண்டே கேட்டாள்.

“ஒங்களுக்கு எது கட்டாயம் வேணுமோ அத எடுங்க. மீதிய இருந்தபடி வையுங்க. பலகை மூஞ்சிக்கு நேரா இருக்கணும்” என்றாள் பனிமலர்.

காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பு ஒன்றையும் ஒரு பல்லையும் பஞ்சில் சுற்றி எடுத்துப் போனாள் ஜெனிலா. மீதியை மூடினோம். பாறைக்கல்லைப் பதித்தேன். சிலுவையை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரில் சாய்த்து வைத்தேன்.

நவம்பர் இரண்டு வந்தது. சாயங்காலம் ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. பனிமலர் அவள் அம்மா குழியைக் கூட்டிப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். கயித்தான் வரவில்லை. நான் போனபோது கொல்லைச் சுவரோரம் மண்மேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“ஏத்துவாளா மச்சான்?” என்றான்.

“தெரியல மாப்ள.”

மழைக்கு முந்தின காற்று வீசிக்கொண்டிருந்தது. அவள் வந்தாள். கையில் இரண்டு மெழுகுவர்த்தி. எங்களைப் பார்க்காமல் மேட்டுக்கு முன்னால் குந்தினாள். சுவரில் சாய்ந்திருந்த சிலுவையை எடுத்துப் பழைய இடத்தில் ஊன்றினாள். ஒன்றை ஏற்றி, காற்றுக்குக் கல்லை மறைவாக வைத்தாள். எழுந்து வந்து மற்றதை அப்பன் கையில் கொடுத்தாள், ஏற்றாமல்.

“இது தாய்க்காரிக்கு. எங்க ஏத்தணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்” என்றாள். ஒன்றரை மாதத்தில் அதுதான் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

கயித்தான் அதை வாங்கிக்கொண்டு எழுந்தான். அடைத்த வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே நடந்தான். நான் பின்னால் போனேன். ஆற்று வாய்க்குப் பக்கம், அன்றைக்கு அந்தத் தாயைப் புரட்டிப் போட்ட மணலில் போய் நின்றான். அலை வந்து அவன் காலை நனைத்தது. அவன் நகரவில்லை. கடல் காற்றுக்கு முதுகைக் காட்டித் தீக்குச்சி உரசினான், அணைந்தது. மறுபடி உரசினான். பெட்டி தீரும் வரைக்கும் உரசினான். திரி ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. வெறும் மெழுகுவர்த்தியை மணலில் குத்தி வைத்துவிட்டுக் குனிந்தபடி நின்றான்.

அப்போது பின்னால் தண்ணீர்ப் பக்கம் காற்று பீறிட்டு ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை.

கயித்தான் திரும்பினான். “கேட்டியளா மச்சான்?”

கேட்டது.

“லாரி” என்றேன்.

அந்தப் பக்கம் ரோடு கிடையாது. அவனுக்கும் அது தெரியும். இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அது மறுபடி மூச்சு விட மேலே வருமென்று காத்துக்கொண்டு. காத்திருக்க எங்களுக்குத் தெரியும்.